கம்பி வலைக்குக் கீழே என்ன இருக்கிறது?

2023 நவம்பர் 24. உத்தராகண்டின் சில்க்யாராவில், கட்டி முடியாத சாலைச் சுரங்கம் ஒன்று இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டு பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. தீபாவளி அன்று விடியற்காலையில் நடந்த விபத்து. ஏறக்குறைய 60 மீட்டர் நீளத்துக்குக் குவிந்து கிடந்த இடிபாட்டுக்குள் ஆகர் எனப்படும் திருகு துளைப்பான் வழியாக இரும்புக் குழாயைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழாய் மறுபக்கம் எட்டிவிட்டால் ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்துவிடலாம். ஆனால் வழியில் இரும்பு குறுக்கிட்டு வேலை நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. அன்று பகலில் அதிகாரிகள் ஒரு நல்ல செய்தி சொன்னார்கள்: தரை ஊடுருவும் ரேடாரை வைத்துப் பார்த்தாகிவிட்டது, அடுத்த 5 மீட்டருக்கு உலோகத் தடை எதுவும் இல்லை.

அன்று மாலையே துளைப்பான் மறுபடி இரும்பில் முட்டி நின்றது. அதன் அலகுகள் முறுக்கி உடைந்து குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொண்டன. அவற்றை அறுத்தெடுக்க ஹைதராபாத்திலிருந்து பிளாஸ்மா கட்டர் வரவேண்டியிருந்தது.

அந்த ரேடார் பொய் சொன்னதா? இந்தக் கேள்வி வெகுநாள் என் மனத்தில் இருந்தது. சுரங்கத்தை விடுங்கள், நம் ஊரில் ஒரு பழைய பெட்ரோல் பங்க்கை இடித்துக் கட்டடம் எழுப்பும்போதும், தொழிற்சாலைத் தளத்தில் புது இயந்திரத்துக்கு அஸ்திவாரம் வெட்டும்போதும், மருத்துவமனை மாடியில் குழாய்க்காக ஓட்டை போடும்போதும் இதே கேள்விதான் வருகிறது. கான்கிரீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, உடைக்கலாமா? விடை தவறினால் பிரேக்கர் மிஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் முதலில் அடிபடுகிறார். அதனால் இந்தக் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பொறியாளர்களோடு சேர்ந்து மற்றவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

அலை போய்த் திரும்பும் நேரம்

தரை ஊடுருவும் ரேடாரைக் களத்தில் அதன் ஆங்கிலச் சுருக்கமான ஜி.பி.ஆர் என்றே சொல்கிறார்கள். தள்ளுவண்டி போல சக்கரம் வைத்த ஒரு சட்டம். அதன் அடியில் தரையை ஒட்டி ஒரு பெட்டி. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு திரை. பெட்டிக்குள் இரண்டு ஆன்டெனாக்கள் இருக்கும். ஒன்று மிகக் குறுகிய ரேடியோத் துடிப்பைத் தரைக்குள் அனுப்பும், இன்னொன்று திரும்பி வருவதைக் கேட்கும். சக்கரம் எவ்வளவு தூரம் உருண்டது என்பதும் பதிவாகும். ஸ்லாப்புக்குள் கம்பி தேடும் சின்னக் கருவிகள் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குக் கூட வந்துவிட்டன.

கருவி அளப்பது நேரத்தைத்தான். ஒரு நானோ விநாடியில், அதாவது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், ரேடியோ அலை காற்றில் 30 செ.மீ. போகும். காய்ந்த கான்கிரீட்டில் அது 12 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். தண்ணீரில் 3.3 செ.மீ.தான். எந்தப் பொருளில் அலை எவ்வளவு மந்தமாகும் என்பதைப் பள்ளிப் பாடத்தில் மின்காப்பு மாறிலி என்று படித்திருப்போம். காற்றுக்கு அது 1, பனிக்கட்டிக்கு 3க்குச் சற்று மேல், கான்கிரீட்டுக்கு ஈரத்தைப் பொறுத்து 5லிருந்து 10 வரை, தண்ணீருக்கு 80. அலை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் எல்லையில் இந்த எண் சட்டென்று மாறினால், அலையின் ஒரு பகுதி அங்கிருந்து எதிரொலித்துத் திரும்பும். மாற்றம் பெரிதாக இருந்தால் எதிரொலியும் பெரிது. உலோகத்தில் பட்டால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும்.

ரேடாரின் திரையில் நாம் காண்பதெல்லாம் இந்த மாற்றங்களைத்தான். அங்கே டேங்க் என்றோ குழாய் என்றோ எழுதியிருக்காது. இந்த இடத்தில், இத்தனை நானோ விநாடிக்குப் பிறகு ஏதோ ஒன்று மாறுகிறது என்பது மட்டுமே தெரியும். அந்த ஏதோ ஒன்றுக்குப் பெயர் வைப்பவர் வண்டியைத் தள்ளும் மனிதர். சில்க்யாராவில் நடந்ததையும் இனி சொல்லப்போகும் மற்றக் கதைகளையும் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்று நான் நினைக்கிறேன்.

திரையில் குழாய் எப்படித் தெரியும் என்பது சுவையான சங்கதி. ஆன்டெனாவின் அலை கீழ்நோக்கி நேர்கோடாகப் போவதில்லை. டார்ச் வெளிச்சம் போல முன்னும் பின்னும் விரிந்து போகிறது. அதனால் வண்டி குழாயின் மேலே வருவதற்கு முன்பே, சாய்வாகப் போன அலை குழாயைத் தொட்டுத் திரும்பிவிடும். சாய்ந்த பாதை நீளம் என்பதால் நேரம் அதிகம், திரையில் புள்ளி ஆழமாக விழும். வண்டி நெருங்க நெருங்கப் புள்ளி மேலேறும்; குழாய்க்கு நேர் மேலே வரும்போது உச்சி; கடந்து போனால் மறுபடி இறங்கும். உருண்டையான ஒரு குழாய் திரையில் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல வளைகோடாகத் தெரிவது இதனால்தான். அந்த வளைவின் சரிவை அளந்தால் அந்தத் தரையில் அலையின் வேகம் என்ன என்று கணக்கிடலாம். வேகம் தெரிந்தால்தான் ஆழம் தெரியும்.

இங்கேதான் முதல் தவறு நுழைகிறது. எதிரொலி 20 நானோ விநாடியில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். போக வர இரண்டு வழி, ஆகவே ஒரு வழிக்கு 10. கான்கிரீட் காய்ந்தது, வேகம் 12 செ.மீ. என்று எடுத்தால் பொருள் 120 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. ஈரமானது, 10 செ.மீ. என்று எடுத்தால் 100 செ.மீ. அதே எதிரொலிக்கு 20 செ.மீ. வித்தியாசம். ஒரு மின்கேபிள் மீது பிரேக்கர் படுவதற்கும் படாமல் இருப்பதற்கும் அது போதும். கருவியோடு வரும் பொது எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு ஆழம் எழுதித் தருபவர்களை நம்பாதீர்கள். அந்த இடத்திலேயே, தெரிந்த ஆழத்தில் உள்ள ஒரு பொருளை வைத்தோ, ஒரு சிறு கோர், அதாவது உருளை வடிவில் வெட்டிய கான்கிரீட் துண்டு, எடுத்தோ வேகத்தைச் சரிபார்ப்பவரே முறையாக வேலை செய்பவர்.

இந்த யோசனை புதிதல்ல. ரேடியோ அலையால் புதைந்ததைக் கண்டுபிடிக்கலாம் என்று ஜெர்மனியில் 1910லேயே காப்புரிமை கேட்டிருக்கிறார்கள். 1929இல் ஆஸ்திரியாவில் ஒரு பனியாற்றின் தடிமனை ரேடியோ அலையால் அளந்தார்கள். 1972இல் அப்போலோ 17 விண்கலத்தோடு நிலவின் அடித்தரையை ஆராயும் ரேடியோக் கருவிகள் போயின. இப்போது செவ்வாயில் சுற்றும் பெர்சிவியரன்ஸ் ஊர்தியிலும் ஒரு ஜி.பி.ஆர் இருக்கிறது. பனியும் வறண்ட மணலும் இந்த அலைக்குக் கண்ணாடி மாதிரி. நம்முடைய கான்கிரீட் அப்படி இல்லை.

கம்பிதான் பெரிய திரை

கான்கிரீட் என்று சொன்னாலும் சிக்கல் கான்கிரீட்டில் குறைவு, அதற்குள் கட்டியிருக்கும் கம்பியில் அதிகம். லாரி ஏறி இறங்கும் தளம் என்றால் இரண்டு திசையிலும் 15 செ.மீ., 20 செ.மீ. இடைவெளியில் கம்பி கட்டியிருப்பார்கள். சில இடங்களில் மேலே ஒரு வலை, கீழே ஒரு வலை. கீழே இருக்கும் டேங்க்கைப் பார்க்க அலை இந்த வலையைத் தாண்டிப் போய், எதிரொலித்து, மறுபடியும் தாண்டி வரவேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் உள்ள துளை போட்ட தகட்டை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் உணவு நம் கண்ணுக்குத் தெரிகிறது. மைக்ரோவேவ் மட்டும் வெளியே வருவதில்லை. அந்த அலையின் நீளம் 12 செ.மீ., துளையோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அலைநீளத்தைவிடத் துளை மிகச் சிறிதாக இருந்தால் வலையும் தகடும் அலைக்கு ஒன்றுதான். கம்பி வலையிலும் இதே கணக்கு. 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவின் அலை காய்ந்த கான்கிரீட்டில் சுமார் 30 செ.மீ. நீளம். 15 செ.மீ. வலை அதைப் பெருமளவு மேலேயே திருப்பிவிடும். 1600 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலை 7.5 செ.மீ.தான், கம்பிகளுக்கு நடுவே நுழைந்துவிடும். சரி, அதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் அதிர்வெண் கூடக் கூட அலை சீக்கிரம் சோர்ந்துபோகும். அந்தக் கருவி அரை மீட்டர் வரை அழகாகக் காட்டும். ஒரு மீட்டருக்குக் கீழே உள்ள டேங்க் அதற்குத் தெரியாது. ஆழம் போகும் அலை வலைக்குள் நுழைவதில்லை, வலைக்குள் நுழையும் அலை ஆழம் போவதில்லை.

இதற்கு ஒரு பகுதி மாற்றுவழி உண்டு. ஆன்டெனாவின் மின்புலத்துக்கு ஒரு திசை இருக்கிறது. அந்தத் திசைக்கு இணையாகக் கிடக்கும் கம்பி பலமாக எதிரொலிக்கும். குறுக்காகக் கிடப்பது மெல்லத்தான் எதிரொலிக்கும். ஒரே திசையில் கம்பி கட்டிய தளம் என்றால் ஆன்டெனாவைத் தொண்ணூறு பாகை திருப்பி வைத்து அலையை உள்ளே அனுப்பிவிடலாம். இரண்டு திசையிலும் கட்டிய வலையில் இந்த உபாயம் பெரிதாக உதவாது. அப்போது ஒரே இடத்தின் மீது நெருக்கமாகக் கட்டம் போட்டு நெடுக்கிலும் குறுக்கிலும் தள்ளி, எல்லாக் கோடுகளையும் கணினியில் சேர்த்து, குறிப்பிட்ட ஆழத்தில் வெட்டிப் பார்ப்பது போன்ற வரைபடம் எடுக்கிறார்கள். கம்பி ஒழுங்கான இடைவெளியில் வரும். ஒழுங்கில் சேராத ஒன்று கீழே இருந்தால் அது தனியாகத் தெரியும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு எதிரி ஈரம். புதிதாகப் போட்ட கான்கிரீட்டில் தண்ணீர் அதிகம். சில வாரங்கள் காய்ந்த பிறகு அதே தளம் நன்றாகத் திறந்துகொடுக்கும். கான்கிரீட்டுக்குக் கீழே களிமண்ணும் உப்புநீரும் இருந்தால் அலையின் ஆற்றல் மின்னோட்டமாக மாறிக் கரைந்துபோகும். சென்னையில் கடற்கரையை ஒட்டிய மணலிலும் உள்ளே தள்ளிய களிமண்ணிலும் ஒரே கருவி ஒரே ஆழத்தைப் பார்க்காது. ஏப்ரலில் பார்த்த தரையை வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பரில் பார்த்தால் ஆழம் குறைந்திருக்கும். 400 மெகாஹெர்ட்ஸுக்கு நான்கு மீட்டர் என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பது நல்ல வறண்ட மணலுக்கான கணக்கு. கனமான ஈரக்களிமண்ணில் ஒரு மீட்டர் வந்தாலே திருப்திப்படவேண்டும்.

மறந்துபோன டேங்க்

கான்கிரீட்டுக்கு அடியில் அதிகமாகத் தேடப்படும் சாதனம் எரிபொருள் டேங்க்தான். அமெரிக்காவில் 1984இல் நிலத்தடி டேங்க்குகளுக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். பழைய இரும்பு டேங்க்குகளை மேம்படுத்தவேண்டும், இல்லையென்றால் மாற்றவோ மூடவோ வேண்டும், அதற்கு 1998 டிசம்பர் 22 கடைசி நாள் என்றார்கள். அதற்கு முன்பே கைவிடப்பட்டவை, மேலே கான்கிரீட் ஊற்றி மறக்கப்பட்டவை ஏராளம். அங்கே ஒரு பழைய மனையை வாங்குபவர் முதலில் டேங்க் இருக்கிறதா என்று பார்ப்பதும், அதற்கு ஜி.பி.ஆர் கூப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. துருப்பிடித்த டேங்க்கிலிருந்து கசியும் பெட்ரோல் கிணற்றுக்குப் போகும். உள்ளே எஞ்சிய ஆவி ஒரு தீப்பொறியில் வெடிக்கும். விற்றவர் போய்விடுவார், வாங்கியவர்தான் அனுபவிக்கவேண்டும்.

2 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள ஓர் இரும்பு உருளை ஏறத்தாழ 18,800 லிட்டர் கொள்ளும். இவ்வளவு பெரியதை எளிதில் பிடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். குறுக்காகத் தள்ளினால் குழாயைவிட மிக அகலமான வளைவு தெரியும். நெடுக்காகத் தள்ளினால் 6 மீட்டருக்கு ஒரு தட்டையான கோடு ஓடி இரு முனையிலும் சட்டென்று அறுபடும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் டேங்க் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். டேங்க் இரும்பு என்றால் அதற்குக் கீழே எதுவும் தெரியாது. ஒரே எதிரொலி மேலும் கீழும் அலைந்து படிப்படியாகக் கோடு கோடாக விழும். கண்ணாடியிழை டேங்க் என்றால் அலை உள்ளே புகும். உள்ளே பெட்ரோல் இருக்கிறதா, தண்ணீர் இறங்கியிருக்கிறதா, காலியா என்பதற்கு ஏற்ப அடிப்பக்கத்தின் எதிரொலி வரும் நேரமும் மாறும். எதிரொலியின் திசையிலும் தகவல் இருக்கிறது: இரும்பில் பட்டால் அலை தலைகீழாகத் திரும்பும், காற்றுப் பொந்தில் பட்டால் நேராகவே திரும்பும். அனுபவசாலிகள் இதை வைத்தே உலோகமா வெற்றிடமா என்று பிரித்துவிடுவார்கள்.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. டேங்க்கை முப்பது வருடத்துக்கு முன்பே தோண்டி எடுத்துப்போயிருப்பார்கள். குழியை வேறு மண்ணால் நிரப்பி மேலே தளம் போட்டிருப்பார்கள். சுற்றியுள்ள மண்ணுக்கும் நிரப்பிய மண்ணுக்கும் உள்ள வேறுபாடு ரேடாரில் அப்படியே தெரியும். குழியின் சுவர்கள் அதே அளவில், அதே ஆழத்தில் இருக்கும். இல்லாத டேங்க்கின் இடம் இருக்கிற டேங்க் போலத் தோன்றும். இதைப் பிரிக்கத் தரைமேல் பார்க்கவேண்டும்: எண்ணெய் ஊற்றும் வாய் எங்கே, காற்றுக்குழாயின் வெட்டிய முனை சுவரோரம் நிற்கிறதா, தளத்தில் ஒரு செவ்வகம் மட்டும் நிறம் மாறியிருக்கிறதா. அங்கே பல வருடம் இருந்த வாட்ச்மேனையோ பழைய மெக்கானிக்கையோ பிடித்துக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். கருவியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இந்த ஒரு மணிநேரத்தைச் செலவழிப்பது குறைவு என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

உலோகம் தேடக் காந்தமானி இருக்கிறதே என்று கேட்கலாம். வெட்டவெளி மண்ணில் அது அருமையான கருவி. கம்பி போட்ட தளத்தின் மேல் வைத்தால் கம்பிகள்தான் முதலில் கத்தும், டேங்க்கின் குரல் கேட்காது. கேபிள் தேடுவதற்கு மட்டும் தனிக் கருவி உண்டு. மின்சாரம் ஓடும் கேபிளைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் இருக்கும், அதை அது கேட்கும். மின்சாரம் ஓடாததற்கு ஒரு முனையில் வேறொரு சமிக்ஞையைக் கொடுத்துவிட்டுத் தரைமேல் பின்தொடரலாம். பிளாஸ்டிக் குழாய்க்கு உள்ளே ஒரு சிறு ஒலிபரப்பியைக் கம்பியில் கட்டித் தள்ளிவிடுவார்கள். இந்தக் கருவிகளும் ரேடாரும் ஒன்றையொன்று சரிபார்க்கவேண்டும்.

பார்க்க விரும்பியதைப் பார்ப்பது

2015 ஆகஸ்டில் போலந்தின் வாவ்ப்ஷிக் நகரம் உலகச் செய்தியானது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் நாஜிகள் தங்கமும் ஆயுதமும் ஏற்றி ஒரு ரயிலை மலைச் சுரங்கத்துக்குள் விட்டு மூடிவிட்டார்கள் என்று அந்தப் பகுதியில் வெகுகாலமாகக் கதை உண்டு. பியோத்ர் கோப்பர், ஆந்த்ரியாஸ் ரிக்டர் என்ற இருவர் அந்த ரயிலைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆதாரம் ரேடார் படம். அந்தப் படத்தைப் பார்த்த கலாசாரத் துறைத் துணை அமைச்சர், ரயில் இருப்பது 99 சதவீதம் உறுதி என்று செய்தியாளர்களிடம் சொன்னார். மக்கள் கூட்டம் கூட்டமாக அந்த இடத்தை நோக்கிப் போகத் தொடங்கினார்கள்.

கிராக்கோவ் நகரின் ஏ.ஜி.எச் பல்கலைக்கழகப் பேராசிரியர் யானுஷ் மாதே தலைமையில் ஒரு குழு அதே இடத்தில் தனியாக ஆய்வு செய்தது. ரேடார் ஒன்றை மட்டும் நம்பாமல் காந்த அளவையும் ஈர்ப்பு அளவையும் எடுத்தார்கள். இங்கே கம்பித் தளம் இல்லை. நூற்றுக்கணக்கான டன் இரும்பு இருந்தால் காந்தமானி துடித்திருக்கவேண்டும். துடிக்கவில்லை. சுரங்கம் இருக்கலாம், ரயில் இல்லை என்று அந்த டிசம்பரில் அவர்கள் சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் 2016 ஆகஸ்டில் தேடியவர்கள் இயந்திரங்களைக் கொண்டுவந்து ஒரு வாரம் தோண்டினார்கள். ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை, சுரங்கமும் இல்லை. திரையில் தெரிந்தது இயற்கையான நில அமைப்பு.

அந்த இருவரும் கண்ணால் கண்ட மாற்றத்துக்கு மனத்தில் முன்பே இருந்த பெயரை வைத்தார்கள். ரயில் என்று நினைத்துப் பார்த்தால் ரயிலாகத் தெரியும் ஒரு நிழல் அது. தொழிற்சாலைத் தளத்தில் இதே தவறு சின்ன அளவில் அன்றாடம் நடக்கக்கூடியது: வரைபடத்தில் இங்கே ஒரு குழாய் என்று போட்டிருந்தால், அங்கே தெரியும் முதல் வளைவு அந்தக் குழாயாகிவிடும். உண்மையான குழாய் ஒரு மீட்டர் தள்ளி, இன்னும் ஆழத்தில், மங்கலாகக் கிடக்கும்.

ரேடார் சொன்னது அப்படியே பலித்த கதையும் இருக்கிறது. 1942 ஜூலையில் அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு பி-38 போர் விமானங்களும் இரண்டு பி-17 குண்டுவீச்சு விமானங்களும் மோசமான வானிலையில் கிரீன்லாந்துப் பனிப்பரப்பில் இறங்கின. ஆட்கள் தப்பித்தார்கள், விமானங்கள் அங்கேயே நின்றுவிட்டன. பல முறை தேடித் தோற்ற பிறகு 1988இல் ரேடார் அவற்றைக் கண்டுபிடித்தது. ஏறக்குறைய 80 மீட்டர் பனிக்குக் கீழே, இறங்கிய இடத்திலிருந்து சில கிலோமீட்டர் நகர்ந்துபோய்க் கிடந்தன. 1992இல் ஒரு பி-38ஐத் துண்டு துண்டாக மேலே எடுத்து, பழுதுபார்த்து, 2002இல் மறுபடியும் பறக்கவிட்டார்கள். குளிர்ந்த பனியில் உப்பில்லை, ஈரமில்லை, கம்பியில்லை. எண்பது மீட்டர் ஆழத்தில் விமானத்தைப் பார்த்த அதே தொழில்நுட்பம், கம்பி கட்டிய ஒரு தளத்துக்குக் கீழே ஒரு மீட்டரில் தடுமாறுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மறுபடி சில்க்யாரா

இதையெல்லாம் வைத்து அந்த 5 மீட்டர் கணக்கைப் பார்ப்போம். சுரங்கத்தின் கூரையைத் தாங்கிய கான்கிரீட் பூச்சும், அதற்குள் இருந்த இரும்புச் சட்டங்களும் கம்பிகளும் பாறையோடு நொறுங்கி விழுந்து கிடந்தன. ஒரு மனிதர் படுத்து ஊர்ந்துபோகும் அகலமுள்ள இரும்புக் குழாய். அதன் முனையிலிருந்துதான் பார்க்க முடியும். தரையில் தள்ளுவது போல நீள நெடுகத் தள்ள இடமில்லாத இடத்தில் அந்தக் கவிழ்ந்த கிண்ண வளைவு உருவாகாது. சுற்றியிருக்கும் இரும்புக் குழாயே அலையை அடித்துத் திருப்பும். கல்லும் பொந்தும் கலந்த குவியலில் ஒவ்வொரு கல்லும் ஓர் எதிரொலி. பார்க்கும் திசையிலேயே நீண்டு கிடக்கும் கம்பி தன் முனையை மட்டுமே காட்டும். இது என் புரிதல்தான். ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் தடை தெரியவில்லை என்ற விடை தடை இல்லை என்ற விடையாக மாறிச் செய்தியாளர்களிடம் போனது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஓர் உடைந்த இயந்திரம் கிடந்தது.

2025 பிப்ரவரி 22 அன்று தெலங்கானாவில் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கம் இடிந்து 8 பேர் சிக்கினார்கள். அங்கே சுரங்கம் துளைக்கும் ராட்சத இயந்திரமே சேற்றிலும் கல்லிலும் புதைந்துபோனது. ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் ரேடாரோடு உள்ளே போனது. சிதைந்த இயந்திரத்தின் இரும்பும் தண்ணீரும் சேறும் கலந்த இடம். இந்த அலைக்கு அதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. ரேடார் சுட்டிய இடங்களில் தோண்டியபோது ஆட்கள் கிடைக்கவில்லை. மார்ச் 9 அன்று முதல் உடல் மீட்கப்பட்டது. அதற்கான இடத்தைக் காட்டியவை கேரள போலீஸின் மோப்ப நாய்கள். ரேடாரைக் கொண்டுபோனவர்கள் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிர் இருக்கலாம் என்ற நம்பிக்கையில் கையில் கிடைத்த எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள்.

அவசரம் இல்லாத இடங்களில் நாம் இன்னும் நன்றாகச் செய்யலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நிலத்தடி அமைப்புகளைத் தேடும் வேலைக்குத் தரப் படிகள் வகுத்திருக்கிறார்கள். பழைய வரைபடத்தை மட்டும் பார்த்து எழுதியது கடைசிப் படி. தரைமேல் தெரியும் மூடிகளோடு ஒப்பிட்டது அதற்கு மேல். கருவி வைத்துக் கண்டது அதற்கும் மேல். திறந்து கண்ணால் பார்த்தது மட்டுமே முதல் படி. அறிக்கையில் ஒவ்வொரு கோட்டுக்கும் எந்தப் படி என்று எழுதவேண்டும். இந்தியாவில் 2023 மார்ச்சில் கால் பிஃபோர் யூ டிக் என்ற செயலியைத் தொடங்கினார்கள்; தோண்டப்போகிறவர் முன்கூட்டிச் சொன்னால் அந்த இடத்தில் கேபிளும் குழாயும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். நல்ல தொடக்கம். ஆனால் தனியார் வளாகத்துக்குள், கான்கிரீட் தளத்துக்குக் கீழே, பழைய முதலாளி புதைத்த டேங்க் எந்தச் செயலியிலும் வராது.

ஸ்லாப்பில் துளை போடுபவர்களுக்கு இன்னோர் ஆபத்து. இழுத்து இறுக்கிய எஃகுக் கேபிள்கள் உள்ள தளங்களில் அரை அங்குலக் கேபிள் ஒன்றிலேயே 12 டன்னுக்கு மேல் இழுவிசை இருக்கும். கோர் கட்டிங் பிளேடு அதை அறுத்தால் கேபிள் கான்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாயலாம். இங்கே ரேடாருக்குத் தலைவணங்கவேண்டும். 20, 30 செ.மீ. ஆழத்தில் கம்பி எங்கே, கேபிள் எங்கே என்று அது மிகத் துல்லியமாகக் காட்டும். அந்த வேலையில் அதை மிஞ்ச வேறு கருவி எதையும் நான் அறியேன்.

ஆழத்தில் டேங்க்கோ இயந்திரமோ தேடும்போது நான் பார்த்தவரை நம்பகமான ஆட்கள் ஒரே முறையில்தான் வேலை செய்கிறார்கள். முதலில் காகிதம், பிறகு ஆட்களிடம் கேட்பது, அப்புறம் இரண்டு மூன்று அதிர்வெண்களில் ரேடார், கேபிள் கருவி. தளத்தின் மேல் பெயின்ட்டால் குறி. சந்தேகம் உள்ள இடத்தில் கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ. அகலத்தில் ஒரு கோர். அதற்குக் கீழே கடப்பாரை போடாமல், காற்றையோ தண்ணீரையோ பீய்ச்சி மண்ணைத் தளர்த்தி வாக்குவம் குழாயால் உறிஞ்சி எடுப்பது. பிறகு துளைக்குள் ஒரு கேமரா. அறிக்கையின் கடைசியில், இந்தத் தளத்தில் இத்தனை செ.மீ.க்குக் கீழே எங்களால் பார்க்க முடியவில்லை என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாத அறிக்கையை வாங்காதீர்கள், பணத்தையும் கொடுக்காதீர்கள்.

சில்க்யாராவில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைக் கையால் தோண்டினார்கள். எலிவளைச் சுரங்க முறையில் பழகிய தொழிலாளர்கள் இரண்டு மூன்று பேராகக் குழாய்க்குள் ஊர்ந்து போய், சிறு கருவிகளால் குடைந்து, மண்ணை வாரிப் பின்னால் அனுப்பினார்கள். இரும்பு எதிர்ப்பட்டபோது அறுத்தார்கள். நவம்பர் 27ஆம் தேதி தொடங்கிய வேலை 28ஆம் தேதி முடிந்தது. அன்று இரவு 41 பேரும் வெளியே வந்தார்கள்.